பேஸ் கிதார், எர்த்து, ஷாக்: மேடையேறும் முன் கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணம் பக்கம் ஒரு மெல்லிசைக் குழுவில் பேஸ் வாசிக்கிறேன். பகலில் ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்), மேடை மிக்சர் ரிப்பேர். ஆடி மாதம் அம்மன் கோயில்களில் தீமிதி, கஞ்சி வார்ப்பு தொடங்கிவிட்டால் சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் போன் நிற்காது. பாதிப் போன் ஒரே விஷயத்துக்குத்தான்: "அண்ணே, கிதார் ஷாக் அடிக்குது." பதிலைப் போனில் சொல்லி அலுத்துப்போய் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் ஒரு வார்த்தைச் சிக்கல். நம் ஊர் வாயில் கிதாரும் பேஸ், கரண்டும் பேஸ். ஒருமுறை வயர்மேன் "பேஸ்ல கை வெக்காதீங்க!" என்று கத்த, நான் கிதாரைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு ஜங்ஷன் பாக்ஸை நகர்த்தப் போனேன். நல்லவேளை, கையைத் தட்டிவிட்டார். அதனால் இங்கே கிதார் 'பேஸ்', கரண்ட் 'ஃபேஸ்'.

கம்பியைத் தொட்டா சுர்ருங்குது. கிதார் கெட்டுப்போச்சா?

பெரும்பாலும் கிதார் மேல் தப்பே இருக்காது. பின்பக்கத் தட்டைக் கழற்றிப் பாருங்கள். பிரிட்ஜுக்கு (கம்பிகள் கீழ்முனையில் மாட்டியிருக்கும் உலோகத் தாங்கி) அடியிலிருந்து ஒரு மெல்லிய வயர் வந்து, வால்யூம் குமிழுக்கு அடியில் இருக்கும் கண்ட்ரோலின் முதுகில் பற்றவைத்திருக்கும். அதாவது நான்கு கம்பிகளும் பிரிட்ஜ் வழியாக ஜாக்குக்கு வந்து, கேபிளின் மேல்வலையில் ஏறி, ஆம்பின் இரும்பு உடம்புக்குப் போய், அங்கிருந்து பவர் கார்டின் பச்சை வயரில் இறங்கி, பிளக்கின் பெரிய பின் வழியாகச் சுவருக்குள் நுழைந்து எர்த்துக் குழியில் முடிகின்றன. நீங்கள் பிடித்திருப்பது எர்த்து வயரின் நுனி. இரைச்சலைக் குறைக்க வேண்டுமென்றே இப்படிச் செய்திருக்கிறார்கள்.

குழி வரை வழி சரியாக இருக்கும்வரை இது நல்ல ஏற்பாடு. வழியில் எங்காவது அறுந்திருந்து, ஆம்புக்குள் ஃபேஸ் கொஞ்சம் உடம்பில் கசிந்தால், அந்தக் கசிவு போக இடமில்லாமல் கம்பியில் வந்து உட்கார்ந்திருக்கும். நீங்கள் ஈரத்தரையில் நின்று தொட்டால் விட்டுப்போன எர்த்து வயரின் வேலையை உங்கள் உடம்பு செய்யும்.

கிதாரை மட்டும் தொட்டா ஒண்ணுமில்லை. பாடும்போது மைக்கில் உதடு பட்டாத்தான் அடிக்குது. ஏன்?

இதுதான் முக்கியமான கேள்வி. ஷாக் என்பது ஒரு பொருளில் 'இருப்பது' அல்ல. ஒரே நேரத்தில் தொடும் இரண்டு பொருள்களுக்கு இடையே உள்ள வோல்டேஜ் வித்தியாசம். ஒரு கை கம்பியில், உதடு மைக் வலையில். இரண்டும் ஒரே எர்த்தில் இருந்தால் முத்தமே கொடுக்கலாம். வேறுவேறு இடத்திலிருந்து கரண்ட் எடுத்திருந்தால் நடுவில் நீங்கள் பாலம்.

மன்னார்குடிக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் நடந்தது. மைக் செட் முழுவதும் ஜெனரேட்டரில். எங்கள் ஆம்புகளுக்கு மட்டும் பக்கத்து வீட்டிலிருந்து சன்னல் வழியாக வயர் இழுத்திருந்தார்கள். அந்த வீட்டில் எர்த்தே கிடையாது. போர்டில் பெரிய துளை இருந்தது, பின்னால் வயர் இல்லை. பாடகர் வாயில் சுர்ரென்றதும் மீட்டரை எடுத்து என் கம்பிக்கும் மைக் வலைக்கும் நடுவே வைத்தேன்: 90 வோல்ட்டுக்குப் பக்கம். எல்லாவற்றையும் ஒரே ஜெனரேட்டர், ஒரே பாக்ஸுக்கு மாற்றிய பிறகு அரை வோல்ட்கூட இல்லை. கச்சேரி முக்கால் மணி நேரம் தாமதம். நாட்டாண்மைக்காரர் முறைத்துக்கொண்டே இருந்தார்.

1972 மே மாதம் வேல்ஸ் நாட்டின் ஸ்வான்ஸி நகரில், ஸ்டோன் தி க்ரோஸ் குழுவின் கிதார் கலைஞர் லெஸ் ஹார்வி, மேடையில் எர்த்து சரியில்லாத மைக்கைத் தொட்டு ஷாக் அடித்து இறந்தார். கேட்க வந்த கூட்டம் எதிரே நின்றுகொண்டிருந்தது.

லேசா விறுவிறுங்குது, அவ்வளவுதான். வாசிச்சுடலாமா?

வேண்டாம். கணக்கைப் பாருங்கள். உடம்பில் சுமார் 1 மில்லியாம்பியர் ஓடினால் விறுவிறுப்பு தெரியும். 10-ஐத் தாண்டினால் தசை இறுகிப் பிடித்த பொருளை விட முடியாமல் போகும். 30-க்கு மேல் சில நொடி நீடித்தால் மூச்சும் இதயத்துடிப்பும் குலையலாம். உங்களுக்கு விறுவிறுப்பாக இருப்பதற்குக் காரணம் வோல்டேஜ் குறைவு என்பதாக இருக்க வேண்டியதில்லை. அந்த நேரம் கை காய்ந்திருந்தது, அவ்வளவுதான். காய்ந்த தோலின் தடை பல்லாயிரம் ஓம். நாலு பாட்டு வாசித்து வியர்த்த பிறகு அது ஆயிரம், இரண்டாயிரத்துக்கு இறங்கும். 230 வோல்ட்டை 1000 ஓமால் வகுத்தால் 230 மில்லியாம்பியர்.

பேஸ் வாசிப்பவருக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. இடது கை கழுத்தைச் சுற்றி வளைத்துப் பிடித்திருக்கிறது. ஷாக் அடித்தால் விரல் மடங்கத்தான் செய்யும், விரியாது. கீபோர்டுக்காரர் கை தெறித்து விழும். நம் கை கம்பியை இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும்.

பிளக்கில் பெரிய பின்னை உடைச்சா உம்ம்னு வர்ற சத்தம் போயிடுதே?

போகும். அதனால்தான் இந்தப் பழக்கம் ஒழியமாட்டேன் என்கிறது. அந்தப் பின் மற்ற இரண்டைவிட நீளமாக இருப்பது செருகும்போது முதலில் சேரவும், பிடுங்கும்போது கடைசியில் விலகவும். அதை உடைப்பது உயிர்க்கயிற்றை அறுப்பது. நான் ரிப்பேருக்கு வாங்கும் ஆம்பில் பின் உடைந்திருந்தால், கேட்காமலேயே பிளக்கை மாற்றிக் காசையும் வாங்கிவிடுவேன்.

அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது? உங்கள் ஆம்பிலிருந்து ஒரு கேபிள் மிக்சருக்குப் போகிறது. ஆம்புக்கும் எர்த்து உண்டு, மிக்சருக்கும் உண்டு. கேபிளின் மேல்வலை இரண்டு எர்த்தையும் சேர்த்து ஒரு வளையமாக்கிவிடுகிறது. அந்த வளையத்தில் ஓடும் சின்னக் கரண்ட்தான் சத்தம். வெட்ட வேண்டியது சிக்னல் கேபிளின் மேல்வலையை, பவர் எர்த்தை அல்ல. ஆம்புக்கும் மிக்சருக்கும் நடுவே செருகும், டிரான்ஸ்ஃபார்மர் வைத்த டி.ஐ. பாக்ஸ் ஒன்று வாங்குங்கள். அதில் 'கிரவுண்ட் லிஃப்ட்' என்று சின்ன சுவிட்ச் இருக்கும். அதைத் தட்டினால் சத்தம் அடங்கும், பவர் எர்த்து அப்படியே இருக்கும்.

சத்தத்தின் சுருதியை வைத்தும் ஓரளவு கண்டுபிடிக்கலாம், பேஸ்காரர்களுக்கு இது சுலபம். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். ஈ கம்பியின் மூன்றாம் கட்டில் வரும் ஜி 49. சத்தம் ஏறக்குறைய அந்த ஸ்வரத்தில் இருந்தால் எர்த்து வளையத்தைச் சந்தேகப்படுங்கள். அதற்கு ஒரு ஸ்தாயி மேலே, திறந்த ஜி கம்பிக்கு (98) ஒரு மயிரிழை மேலே ரம்மென்று இருந்தால் அது 100 ஹெர்ட்ஸ். ஆம்புக்குள் பவர் சப்ளை கெபாசிட்டர் போயிருக்கலாம். மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

மூணு பின்னை ரெண்டு பின் எக்ஸ்டென்ஷனில் செருகும் அடாப்டர்?

பின்னை உடைத்ததற்குச் சமம்.

மேடைக்குப் பக்கத்தில் ஒரு கடப்பாரையை அடிச்சு வயர் கட்டிட்டா எர்த்து ஆயிடாதா? நம்ம ஊர் களிமண்ணாச்சே.

நம் ஊர் வண்டல், களிமண் எர்த்துக்கு ஏற்ற மண்தான், ஈரம் இருக்கும்வரை. ஆற்றில் தண்ணீர் வந்து வாய்க்கால் ஓடும் மாதங்களில் அருமையாக இழுக்கும். மேட்டூர் வழக்கப்படி ஜூன் 12-இல் திறப்பதற்கு முன், பங்குனி சித்திரையில், வயல் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும்போது அதே களிமண் கம்பியை விட்டு விலகி நிற்கும். திருவிழாக்கள் நிறைய வருவது அப்போதுதான். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்பு மண் நன்றாகக் கடத்தும். ஆனால் இரும்புக் கம்பியைச் சீக்கிரம் தின்றுவிடும். வேளாங்கண்ணிப் பக்கம் ஒரு மண்டபத்தில் எர்த்துக் கம்பியை இழுத்துப் பார்த்தேன், பல்குச்சி மாதிரி கையோடு வந்தது.

ஆனால் ஆழமான சிக்கல் வேறு. எர்த்து என்றால் கரண்டை மண் 'குடித்துவிடும்' என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. கரண்ட் மண் வழியாக டிரான்ஸ்ஃபார்மருக்குத் திரும்பிப் போக வேண்டும். போதுமான அளவு போனால்தான் ஃப்யூஸ் போகும். உங்கள் கடப்பாரையின் தடை 50 ஓம் என்று வையுங்கள் (அவசரத்துக்கு ஒன்றரை அடி அடித்த கம்பிக்கு அதைவிட அதிகமாகவும் இருக்கும்). 230-ஐ 50-ஆல் வகுத்தால் 4.6 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்.சி.பி. (கரண்ட் அளவு மீறினால் தானாக விழும் சுவிட்ச்) இதைக் கண்டுகொள்ளவே செய்யாது. ஆம்பின் உடம்பு கிட்டத்தட்ட முழு வோல்டேஜில் நின்றபடி இருக்கும். கடப்பாரை அடித்த திருப்தி மட்டும் மிச்சம்.

முறையான குழாய் எர்த்துக்கு இந்தியத் தரநிலை ஐ.எஸ். 3043 சொல்வது குறைந்தது 2.5 மீட்டர் நீளம். ஜி.ஐ. குழாய் என்றால் உள்விட்டம் 38 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. சுற்றிலும் கரியும் உப்பும் போட்டு, கோடையில் தண்ணீர் ஊற்றுவது நம் தாத்தா காலத்து வயர்மேன்கள் செய்ததுதான். கல்யாண மண்டபத்துத் தோட்டத்தில் சின்ன சிமெண்ட் தொட்டி மாதிரி மூடி போட்டுக் கிடப்பது அதுவே. அதில் தண்ணீர் ஊற்ற ஆள் இருக்கிறதா என்று மேனேஜரிடம் கேளுங்கள். "அது சாக்கடை மூடி தம்பி" என்று எனக்கு ஒருவர் பதில் சொல்லியிருக்கிறார்.

அப்போ எதை நம்புறது?

ஆர்.சி.சி.பி. என்ற பொருளை. பார்க்க எம்.சி.பி. மாதிரியே இருக்கும், 'டெஸ்ட்' என்று ஒரு பொத்தான் கூடுதலாக இருக்கும். ஃபேஸில் போகும் கரண்டும் நியூட்ரலில் திரும்பும் கரண்டும் சமமா என்று மட்டும் அது பார்க்கிறது. 30 மில்லியாம்பியர் காணவில்லை என்றால், யாரோ ஒருவர் உடம்பு வழியாகப் போகிறது என்று எடுத்துக்கொண்டு கண் இமைக்கும் முன் துண்டித்துவிடும். மேலே சொன்ன கடப்பாரைக் கணக்கில் 4.6 ஆம்பியர் போகிறது அல்லவா, எம்.சி.பி. கண்டுகொள்ளாத அதே கசிவு இதற்கு நூறு மடங்குக்கும் மேல். எங்கள் குழுவில் ஒரு மரப்பெட்டியில் 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி., ஆறு சாக்கெட் வைத்து நானே செய்திருக்கிறேன். எந்த ஊருக்குப் போனாலும் மேடைக் கரண்ட் அந்தப் பெட்டி வழியாகத்தான். மாதம் ஒருமுறை டெஸ்ட் பொத்தானை அமுக்கிப் பார்க்கிறோம்.

இரண்டு விஷயத்தில் அது காப்பாற்றாது. ஒரு கை ஃபேஸிலும் மறு கை நியூட்ரலிலும் இருந்தால் அதற்கு நீங்களும் ஒரு பல்பும் ஒன்றுதான். அடுத்து, சின்ன ஜெனரேட்டர்கள். பலவற்றில் நியூட்ரல் எதிலும் சேராமல் மிதந்துகொண்டிருக்கும். அப்போது கசிவு திரும்பிப் போக வழியில்லை, ஆர்.சி.சி.பி.யும் விழாது. நியூட்ரலை ஜெனரேட்டர் உடம்போடும் எர்த்துக் கம்பியோடும் முறைப்படி சேர்த்திருக்க வேண்டும். இதை லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன் செய்யட்டும். யூட்யூப் பார்த்து நாம் செய்ய வேண்டாம்.

கோயில் மேடையில் செருப்பு போட விடமாட்டாங்க. என்ன செய்றது?

வெளிநாட்டுப் புத்தகங்களில் இந்தக் கேள்வியே இருக்காது. அவர்கள் ஷூ போட்டுக்கொண்டு வாசிக்கிறார்கள். 1965-இல் அமெரிக்காவின் சாக்ரமெண்டோ நகரில் கீத் ரிச்சர்ட்ஸின் கிதார் மைக் ஸ்டாண்டில் பட்டு அவர் மயங்கி விழுந்தபோது, ரப்பர் அடி வைத்த ஷூதான் அவரைக் காப்பாற்றியது என்று சொல்வதுண்டு. நாம் சன்னிதி எதிரில், கழுவிவிட்ட கல் தரையில், வெறுங்காலோடு நிற்கிறோம்.

மரப்பலகை போடுங்கள். காய்ந்த பலகை, அதன் மேல் மின்வாரிய அறைகளில் கிடக்குமே கருப்பு ரப்பர் மேட், அதில் ஒரு துண்டு. மேட் மேல் நின்றால் ஆகமத்துக்கு ஒன்றும் குறைவு இல்லை. எந்தக் குருக்களும் இதுவரை என்னைத் தடுத்ததில்லை. சணல் சாக்கு, ஜமுக்காளம் எல்லாம் ஈரத்தை உறிஞ்சும், உதவாது. ஆனால் மேட் காலைத்தான் காக்கும். கைக்கும் மைக்குக்கும் நடுவே நடப்பதை அது தடுக்காது.

மேடையேறும் முன் எதைச் சோதிப்பீங்க?

சாக்கெட்டில் மீட்டர். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் 230 சுமார், ஃபேஸுக்கும் எர்த்துக்கும் அதே அளவு, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் ஓரிரு வோல்ட். கடைசி எண் ஐந்தைத் தாண்டினால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுவேன். பிறகு எல்லாவற்றையும் ஆன் செய்து, மீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வைத்து, ஒரு முனை கம்பியில், மறுமுனை ஒவ்வொரு மைக்கிலும், கீபோர்டு ஸ்டாண்டிலும், மேடையின் இரும்புக் குழாயிலும். இரண்டு நிமிட வேலை. டிஜிட்டல் மீட்டர் சில சமயம் 60, 70 என்று பேய் வோல்டேஜ் காட்டும். தொட்டால் ஒன்றும் இருக்காது. பேயா, நிஜமா என்று கையால் சோதிக்காதீர்கள். மீட்டர் முனைகளோடு ஒரு 15 வாட் பல்பைச் சேர்த்துப் பாருங்கள். பேய் என்றால் எண் சட்டென்று விழுந்துவிடும்.

பாக்கெட்டில் வைத்திருக்கும் நியான் டெஸ்டர் எது ஃபேஸ் என்று சொல்லும், எர்த்து நல்லதா என்று சொல்லவே சொல்லாது.

கம்பியைத் தொட்டா இரைச்சல் நிக்குது, விட்டா வருது. இது ஷாக்குக்கு அறிகுறியா?

இல்லை, அது ஆரோக்கியம். உங்கள் உடம்பு ஒரு ஆன்டெனா. கம்பியைத் தொட்டதும் அது எர்த்தாகி அடங்குகிறது. தொட்டாலும் ஒரு மாற்றமும் இல்லை என்றால் பிரிட்ஜ் வயர் விட்டிருக்கும். கம்பிக்கும் கேபிள் பிளக்கின் உடம்புக்கும் நடுவே மீட்டர் ஓரிரு ஓம் காட்ட வேண்டும். (நைலான் சுற்றிய கருப்புக் கம்பி போட்டிருந்தால் விரல் உலோகத்தில் படாது, மாற்றம் தெரியாது. அதற்காகக் கிதாரைப் பிரித்துவிடாதீர்கள்.) தொட்டால் இரைச்சல் அதிகமாகிறது என்றால் ஜாக்கில் இரண்டு வயரையும் யாரோ மாற்றிப் பற்றவைத்திருக்கிறார்கள்.

ஜாஸ் பேஸ் வகைக் கிதாரில் இரண்டு பிக்அப்பும் (கம்பியின் அதிர்வைச் சிக்னலாக்கும் காந்தச் சுருள்) முழு வால்யூமில் இருந்தால் ஒன்றின் இரைச்சலை மற்றது அடித்துவிடும். ஒன்றைக் குறைத்தால் திரும்ப வரும். பிரிசிஷன் பேஸ் என்ற இன்னொரு வகையில், 1957-க்குப் பிந்தையவற்றில், பிக்அப்பே இரண்டாகப் பிளந்திருப்பதால் இந்தத் தொல்லை இல்லை. பந்தலில் சீரியல் செட் மின்னும்போதெல்லாம் ஸர்ர் என்றால், கொஞ்சம் திரும்பி நின்று பாருங்கள். பாதி குறைந்துவிடும். உள்ளே செப்பு டேப் ஒட்டி எர்த்தோடு சேர்ப்பது நிரந்தர வழி. சமையலறை அலுமினியத் தாளையும் ஒட்டலாம், ஆனால் அதில் ஈயம் பிடிக்காது.

பிரிட்ஜ் வயரில் கெபாசிட்டர் போட்டா ஷாக் அடிக்காதாமே?

குறைக்கும். 0.022 மைக்ரோஃபாரட், 400 வோல்ட் தாங்கும் கெபாசிட்டர் 50 ஹெர்ட்ஸில் சுமார் 1,45,000 ஓம் தடை தரும். முழு 230 வந்தாலும் ஒன்றரை மில்லியாம்பியர்தான். இரைச்சலை மட்டும் அது வழக்கம்போல எர்த்துக்கு இறக்கிவிடும். ஆனால் ஜாக்கின் உலோகம், இரும்பு குமிழ், தட்டு எல்லாம் பழையபடி நேரடி இணைப்பில்தான் இருக்கும். சீட் பெல்ட் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள், பிரேக்குக்குப் பதிலாக அல்ல. இ.எம்.ஜி. நிறுவனத்தின் ஆக்டிவ் (பேட்டரியில் ஓடும்) பிக்அப் போட்டவர்களுக்கு இந்தத் தலைவலியே இல்லை. கம்பிக்கு எர்த்து வயர் வேண்டாம் என்று அந்த நிறுவனமே சொல்கிறது.

வயர்லெஸ் போட்டா?

கிதாருக்கும் ஆம்புக்கும் நடுவே செம்பு இல்லை, அதனால் அந்த வழி அடைபட்டது. கையில் காசு இருந்தால் நல்ல யோசனை. கச்சேரி முடிந்து ஆம்பைத் தூக்கும் தம்பிக்கு அது உதவாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

மழை வந்தா?

ஐப்பசி, கார்த்திகையில் கீற்றுப் பந்தல் மழை நின்ற பிறகும் அரை மணி நேரம் சொட்டும். சொட்டுவது எப்போதும் ஜங்ஷன் பாக்ஸ் மேல்தான், என்ன கணக்கோ தெரியவில்லை. பாக்ஸைத் தரையில் வைக்காமல் நாற்காலி மேல் வைத்து மூடுங்கள். மேடை நனைந்தால் நிறுத்துங்கள். மேலே என்ன போகிறது என்றும் அண்ணாந்து பாருங்கள்: 2022 ஏப்ரலில் தஞ்சாவூரை அடுத்த களிமேட்டில் தேர் உச்சி உயரழுத்தக் கம்பியில் உரசி 11 பேர் போனார்கள். லைட் கோபுரத்தை நிமிர்த்தும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் அந்த நினைப்பு வரும். அந்த வோல்டேஜுக்கு எர்த்தும் இல்லை, ஆர்.சி.சி.பி.யும் இல்லை, தள்ளி நிற்பது மட்டும்தான்.

யாராவது மாட்டிக்கிட்டா?

தொடாதீர்கள். மெயினை அணையுங்கள், முடியாவிட்டால் பிளக்கைப் பிடுங்குங்கள், அதுவும் முடியாவிட்டால் காய்ந்த கட்டையால் தள்ளுங்கள். 108-க்கு ஒருவர் போன் செய்யட்டும். மூச்சு இல்லை என்றால் நெஞ்சின் நடுவே இரண்டு கையையும் வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, ஐந்து சென்டிமீட்டர் ஆழம் அமுக்குங்கள், ஆம்புலன்ஸ் வரும்வரை. எழுந்து உட்கார்ந்து "ஒண்ணுமில்லண்ணே" என்று சிரித்தாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் ஈ.சி.ஜி. எடுங்கள்.

இதையெல்லாம் கேட்டா மைக் செட்காரர் கோவிச்சுக்க மாட்டாரா?

கோவித்துக்கொள்வார். "இருபது வருஷமா போடுறேன், ஒரு பய செத்தது கிடையாது" என்பார். விவாதம் செய்யாதீர்கள். ஒரு டிகிரி காபி வாங்கிக் கொடுத்து, "அண்ணே, என் ஆம்ப்தான் கொஞ்சம் மக்கர், அதான் பயம்" என்று பழியை உங்கள் மேல் போட்டுக்கொண்டு மீட்டரை வையுங்கள். இப்போது எங்கள் பக்கத்து மைக் செட்காரர் ஒருவர், என் வண்டி திடலில் நுழைந்ததும் தன் பையனைப் பார்த்துக் கத்துகிறார்: "பேஸ் அண்ணன் வந்துட்டாரு, பச்சை வயரை மாட்டுடா!"